இலவசமாக உயில் எழுத வாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் மாதத் தேசிய உயில் வாரத்தில் வக்கீல்கள் சாதாரண உயிலைக் காசு வாங்காமல் எழுதித் தருவார்கள், இந்த முறை நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்குப் பக்கத்து வக்கீல் அலுவலகமும் சேர்ந்திருக்கிறது, முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, வாரிசுகளின் முழுப் பெயர் கையோடு இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்துக்கு 14 வயது நிரம்பிய இரண்டு பேர் வேண்டும்; உயிலில் சொத்து பெறப்போகிற மகனையோ அவர் மனைவியையோ சாட்சியாக நிறுத்தாதீர்கள், அப்புறம் அந்தப் பங்குக்கே ஆபத்து.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் முதலில் போங்கள். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் அப்படிப்பட்ட மனைவிக்கும் பங்கு உண்டு என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது சரிதான், ஆனால் கோர்ட்டுப் படி ஏறுவானேன்?

பாட்டிமாருக்கு வண்டி வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள்.