குளுவாங் நண்பனுக்கு: மரமும் மகளின் போட்டியும்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியாமல் போனதற்குக் கயல்தான் காரணம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் அல்லவா, மாணவர்களுக்கான மரக் கட்டட வடிவமைப்புப் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பால்சாக் குச்சியும் பசையும். நானும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம். உன் முழங்கால் தேறி வருவது கேட்டு நிம்மதி. இனிமேலாவது லாரியில் ஏறிக் கட்டை எண்ணும் வேலையை மகனிடம் விடு.

போட்டி என்ன என்று கேட்பாய். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக்குள் ஒரு சிறு சமூகக் கூடம், முழுக்க மரத்தில். படம் அழகாக இருந்தால் போதாதாம். மரம் எந்தக் காட்டிலிருந்து வருகிறது, எத்தனை ஆண்டு நிற்கும், பிரித்தெடுத்த பிறகு எதற்கு ஆகும் என்பதற்கெல்லாம் பதில் வேண்டும். இப்படி ஒரு கேள்வித்தாளை உன் அப்பா பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

எனக்கு முதலில் வந்த பயம் நெருப்பு. நான் இங்கே வந்த புதிதில் பெரியவர்கள் வாயைத் திறந்தால் 1961 புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதித் தீயைப் பற்றித்தான் பேசுவார்கள். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அடுக்குமாடிகள் அத்தனை வேகமாக எழுந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம். கயல் சிரிக்காமல் விளக்கினாள். தடித்த உத்தரம் எரியும்போது மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்ளே வெப்பம் ஏறாமல் தடுக்குமாம். ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியும். ஆகவே ஒரு மணி நேரம் தாங்க வேண்டுமென்றால் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருமன் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அத்தாப்பு என்ற ஓலைக் கூரையும் மெல்லிய பலகையும் வேறு, இது வேறு.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறந்தார்களே, கையா என்ற மரக் கட்டடம், அதையும் கூட்டிப்போய்க் காட்டினாள். ஜப்பானிய நிபுணர் தோயோ இத்தோவின் வடிவமைப்பு. ஆறு மாடி, 43,500 சதுர மீட்டர். நல்ல கட்டடம்தான். ஆனால் மரம் ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்திலிருந்து வந்தது என்றதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் ஜொகூர், எதற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ஏற்ற வேண்டும்? காரணம் இருக்கிறது. அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் லேசு, ஒரே சீராக உலர்த்தலாம், பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒட்டுவதற்குப் பெரிய ஆலைகள் இருக்கின்றன. நம் மலேசியச் செங்கால் மரம் கனம், எளிதில் ஒட்டாது, வளரவும் தலைமுறைகள் ஆகும். கரையானே கடிக்க யோசிக்கிற மரம், அதனாலேயே வெட்டித் தீர்த்தோம். மலேசியாவின் மரச் சான்றிதழ்த் திட்டம் 2009இலேயே அனைத்துலக அங்கீகாரம் வாங்கிவிட்டது என்று கயலிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

நான் அவளோடு சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கரியமிலக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம், அதனால் ஒரு கன மீட்டர் மரம் ஏறக்குறைய முக்கால் டன் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். உண்மைதான். ஆனால் மரம் உளுத்துப்போனால் அந்தக் கணக்கு என்னாவது? இங்கே காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். கூரை எவ்வளவு நீளம் வெளியே வருகிறது, தூணின் அடி தரையைத் தொடுகிறதா, வெட்டுமுனை மழையில் நனைகிறதா என்பதில்தான் நீடித்த நிலைத்தன்மை இருக்கிறது என்பது என் கட்சி. அவள் முதலில் வரைந்த தூண் நேராகக் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தது! கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டில் தூணைக் கல்லின் மேல் உட்கார வைப்பது அழகுக்கா என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் எஃகு இருக்கை வைத்துத் தூணைத் தூக்கி வரைந்திருந்தாள், தாழ்வாரமும் நீண்டிருந்தது.

இடையில் ஒரு வேடிக்கை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் மரமும் அத்தாப்புமாகத்தான் எழுந்தது. அதை எழுப்பிய நாராயண பிள்ளைதான் இந்தத் தீவில் செங்கல் சூளையும் போட்டவர். மரத்தைக் கைவிட வைத்ததிலும் நம்மாளுக்குப் பங்கு உண்டு என்று கயலைச் சீண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தூணின் அடிப்பகுதியை மட்டும் நிஜ அளவில் செய்து காட்ட ஆசைப்படுகிறாள். புது மரம் வேண்டாமாம், பிரித்த வீட்டுக் கட்டைதான் வேண்டுமாம். உன் கிடங்கின் பின்பக்கம் பழைய செங்கால் கிடந்ததே, இன்னும் இருக்கிறதா? ஐந்துக்கு ஐந்து அங்குலம், முழங்கை நீளம் இருந்தால் போதும். ஆணித் துளை இருந்தாலும் பரவாயில்லை. ஈரப்பதம் பார்க்கும் கருவி உன்னிடம் உண்டு என்றால் அளந்து, எண்ணைக் கட்டையிலேயே எழுதிவிடு. டிசம்பரில் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவா. விலையைச் சொல், சும்மா தருகிறேன் என்று தொடங்காதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
மணியம்