பின்சுவரை விட்டுவிடு

அன்புள்ள குமரனுக்கு,

தீபாவளிக்கு வரும்போது பின்சுவருக்குச் சிமெண்ட் பூசி, முற்றத்தில் டைல்ஸும் போட்டுவிடலாம் என்று போனில் சொன்னாய். பாசியில் அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்ற உன் கவலை புரிகிறது. நடக்கிற இடத்தை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள். சுவரை மட்டும் விட்டுவிடு, கண்ணு.

நீ விட்டுப்போன லென்ஸை வைத்துக்கொண்டு இந்த மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலும் காற்றும் படுகிற கல்முகப்பு மொட்டையாக இருக்கிறது. இடுக்குகளில் பாசி மெத்தென்று தடித்திருக்கிறது. நம் நீலகிரி மலையும் அப்படித்தானே, மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, இலையாலேயே நீரைக் குடிக்கும். மழை விட்டு மறுநாள் விரலால் அழுத்தினாலும் கசிகிறது. உள்ளே பொடிப்பொடியாகப் பூச்சிகள். நீர்க்கரடி என்று ஒரு உயிரும் பாசியில் இருக்குமாம். எட்டுக் கால், அரை மில்லிமீட்டர் வந்தாலே பெரிது. பாசி காய்ந்தால் அதுவும் சுருண்டு உயிரை அடக்கிக்கொள்ளும், நனைந்ததும் எழுந்து நடக்கும். என் லென்ஸுக்கு இன்னும் அகப்படவில்லை.

சோலை செய்வதும் இதே வேலைதான். மட்கிய இலையும் கருமண்ணும் மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால்தான் கோடையிலும் சோலை ஓடையில் தண்ணீர் இருக்கிறது. குந்தா மலையிலிருந்து அப்படி இறங்குகிற நீரும் பவானியில் சேர்ந்து, பில்லூர் அணையில் தேங்கி, கோவையில் உன் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. நீ திறக்கிற தண்ணீரில் இந்த மலையின் பாசிக்கும் பங்குண்டு என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் முழுக்கச் சரிவான மண்மேடு. மண்ணில் ஊறிய நீர் வெளியேற வழியில்லாவிட்டால் சுவரைத்தான் தள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்களே, அப்போதும் நம் சுவர் அசையவில்லை. கல்லிடுக்கு வழியாக இரவெல்லாம் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைப் பூசி அடைத்தால் அடுத்த பெருமழையில் நான் இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்க மாட்டேன்.

கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் வீணாக வேண்டாம், சுவரடி வாய்க்காலில் சேர்ந்த மண்ணை வாரச் சொல். வரும்போது சின்ன மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கி வா. பேத்தியும் நானும் அந்த நீர்க்கரடியைத் தேட வேண்டும்.

அன்புடன்,
அம்மா
குன்னூர்