டென்வரிலிருந்து மாமாவுக்கு

டென்வர், கொலராடோ

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? குளிர் இன்னும் தொடங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மலைப்பக்கமிருந்து காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது. அந்தக் காற்றைப் பற்றிக் கீழே மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

"மூணு மணி நேரக் கச்சேரியை முழுசா, காசு வாங்காம, பாடினவன் சம்மதத்தோடயே எப்படிடா விடறான்?" என்று போனில் கேட்டீர்கள். ரெக்கார்டிங் சென்டர் நடத்திய உங்களுக்கு அந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். போனில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஜாம் பேண்ட் என்று ஒரு வகைக் குழுக்கள் உண்டு. இன்று எட்டு நிமிஷம் வாசித்த பாட்டை நாளை இருபத்தைந்து நிமிஷம் வாசிப்பார்கள். பாட்டு வரிசையும் தினம் மாறும். கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் 1965-லிருந்து 1995 வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரி செய்தது. வெர்மான்ட்டில் 1983-ல் தொடங்கிய ஃபிஷ், 2017-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 ராத்திரி வாசித்து ஒரு பாட்டைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் ஸ்டுடியோ ஆல்பம் இருந்து என்ன பிரயோஜனம்? அந்தந்த ராத்திரியின் பதிவுதான் சரக்கு. அதை ரசிகர்களே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விற்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

டெட் கச்சேரிகளில் மைக் ஸ்டாண்டுகள் காடுபோல் பெருகி, ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸர் மேசையில் இருப்பவருக்கே மேடை தெரியாத நிலை வந்தது. அதனால் 1984 அக்டோபரில் பெர்க்லியில், மிக்ஸருக்குப் பின்னால் பதிவுக்காரர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். ஃபிஷ் இன்றும் டேப்பர் டிக்கெட், அதாவது பதிவுக்காரர் டிக்கெட், தனியாக விற்கிறது. மிக்ஸரிலிருந்து ஒயர் தர மாட்டார்கள். சொந்த மைக்கில் காற்றில் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி தொழில். பதிவு நன்றாக வருவதும் வராததும் முக்கால்வாசி மைக் நிற்கும் இடத்தில் இருக்கிறது. மூவாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஷோப்ஸ் கம்பெனி மைக் ஜோடி வாங்கிவிட்டுச் சுவரோரம் நிற்பவரைவிட, நூற்றைம்பது டாலர் மைக்கோடு நட்டநடுவில் நிற்பவர் கொண்டுவருவது நன்றாக இருக்கும். இரண்டு பக்க ஸ்பீக்கர் அடுக்குகளுக்கும் சமதூரத்தில் நிற்க வேண்டும். ஓரமாகப் போனால் ஒரு பக்கம் முந்தி வரும், பதிவில் பாடகர் குரல் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். ஸ்டாண்டை எட்டிலிருந்து பத்தடி வரை தூக்குவார்கள். சுற்றி நிற்பவர்கள் பேசுவதும் கை தட்டுவதும் அந்த உயரத்தில் குறையும். அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். மூன்று காலையும் அகட்டி, கேஃபர் டேப் என்கிற துணி டேப் ஒட்டி, நடுத்தண்டில் ஒரு மணல் பை தொங்கவிட வேண்டும். ஆடுகிற கூட்டத்தில் மெலிந்த ஸ்டாண்ட் பத்து நிமிஷம் தாங்காது.

முன்னால் வருவதையே அதிகம் பிடிக்கிற கார்டியாய்டு மைக் இரண்டை எப்படித் திருப்பி வைப்பது என்பதற்கு ஆளுக்கொரு கட்சி உண்டு. ஓஆர்டிஎஃப் முறையில் மைக் முனைகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. டின் முறையில் 20 சென்டிமீட்டரும் 90 டிகிரியும். நாஸ் முறையில் 30 சென்டிமீட்டரும் 90 டிகிரியும். புத்தகத்தில் ஓஆர்டிஎஃப் அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 20 மீட்டர், நாம் நிற்பது 30 மீட்டர் பின்னால் என்றால் நம் பார்வைக்கு அந்த இடைவெளி சுமார் 37 டிகிரிதான். 110 டிகிரி விரித்த மைக் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, பக்கத்தில் பீர் வாங்கப் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூடிய அரங்கத்தில் எதிரொலி வேறு சேரும். அங்கே, இன்னும் குறுகலாகப் பிடிக்கிற ஹைப்பர்கார்டியாய்டு மைக்கை நேராக ஸ்பீக்கரைப் பார்த்துத் திருப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. திறந்தவெளியில், கொஞ்சம் முன்னால் இடம் கிடைத்தால், தாராளமாக விரிக்கலாம்.

திறந்தவெளி என்றால் காற்று. டென்வருக்கு மேற்கே ரெட் ராக்ஸ் என்று, இரண்டு பெரிய செம்பாறைகளுக்கு நடுவே கட்டிய அரங்கம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,400 அடிக்கு மேல். அங்கே மைக்கோடு வருகிற ஸ்பாஞ்சு உறை மட்டும் போதாது, அதன் மேல் ரோமம் வைத்த உறையும் வேண்டும். காற்றின் உறுமலைக் கம்ப்யூட்டரில் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது தப்பு. மைக்கில் வருவதைப் பெருக்கும் ப்ரீஆம்பை உறுமல் திணறடித்து விட்டிருந்தால், சிதைந்தது சிதைந்ததுதான். அதனால் அடி ஒலியை வெட்டும் லோ கட்டை ப்ரீஆம்பிலேயே போட வேண்டும், அதுவும் 40 ஹெர்ட்ஸ் அளவில். பயந்து 80-ல் வைத்தால் பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியே காணாமல் போகும். நாலு கம்பி கிட்டாரில் அது 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியில் 31. மழையில் நனைந்த ஸ்பாஞ்சு மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும். உலர்ந்த உறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

லெவல் விஷயத்தில் உங்கள் பழக்கம் இங்கே செல்லாது. கேசட்டில் ஊசியைச் சிவப்புக் கோடு வரை ஏற்றினால்தான் இரைச்சல் அடங்கும். 24 பிட் டிஜிட்டல் பதிவில் உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும். முதல் பாட்டை வைத்து லெவலை முடிவு செய்யக் கூடாது. மிக்ஸர்காரர் மூன்றாவது பாட்டுக்குள் சத்தத்தை ஏற்றிவிடுவார். இப்போது ஸூம் எஃப்3 போன்ற, எவ்வளவு சத்தத்தையும் எழுத இடமுள்ள 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் லெவலே வைக்க வேண்டாம் என்கிறார்கள். பாதி உண்மை. கம்ப்யூட்டரில் பிறகு லெவலைக் குறைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் மைக்கே தாங்காமல் சிதைத்து அனுப்பியதை எந்த பிட்டும் சரிசெய்யாது. சட்டைக் காலரில் குத்துகிற குட்டி மைக்குகளில் இதுதான் வழக்கமான கோளாறு. மீட்டர் பாதியில் நிற்கும், கேட்டால் அலை மேலும் கீழும் சீவிவிட்டது போல் தட்டையாக இருக்கும். மைக்குக்கு 9 வோல்ட் பேட்டரி டப்பா கொடுத்து, ரெக்கார்டரின் மைக் துளையை விட்டு லைன் துளையில் செருகினால் தீரும்.

கரண்ட் அடுத்த தலைவலி. ஒயர் வழியாக மைக்குக்குத் தரும் 48 வோல்ட் ஃபாண்டம் கரண்ட் கொடுத்தால் சாதாரண ஏஏ பேட்டரி இடைவேளைக்குப் பிந்தைய இரண்டாம் செட்டில் சாய்ந்துவிடும். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ராத்திரி முழுக்கத் தாங்கும். ஒன்று பார்க்க வேண்டும்: சில பவர் பேங்க் சிறு மின்னோட்டத்தைப் பார்த்து, போன் முழுக்கச் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணித் தானே அணைந்துவிடும். வீட்டில் மூன்று மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்த பிறகுதான் எடுத்துப் போக வேண்டும். கரண்ட் நடுவில் போனால் வேவ் ஃபைலின் தலைப்பகுதி எழுதப்படாமல், நீளம் சைபர் என்று காட்டும். பதற வேண்டாம். ஒலி கார்டிலேயேதான் இருக்கும். ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ரா டேட்டாவாக இறக்குமதி செய்து மீட்டுவிடலாம். மீட்கும்வரை அந்தக் கார்டில் வேறெதுவும் எழுதக் கூடாது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் சுமார் 1.04 ஜிபி. சில பழைய ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும், அதாவது இரண்டு மணி நாலாவது நிமிஷத்தில், புது ஃபைல் தொடங்கும். அந்த மாறுகிற இடத்தில் சில மாடல்கள் ஒரு நொடியின் சிறு துணுக்கை விழுங்கும். இடைவேளையில் நாமே நிறுத்திப் புதிதாகத் தொடங்கினால் அந்தக் கவலை இல்லை. 45 நிமிஷத்தில் கேசட்டைத் திருப்புகிற காலத்தில் இது இன்னும் மோசம். நல்ல வாசிப்பு எல்லாம் திருப்புகிற அந்தப் பத்து நொடியில்தான் வரும் என்று பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின் செய்வது கொஞ்சம்தான். இரண்டு சேனலையும் சமன் செய்து, மைக் பக்கத்தில் விழுந்த கைதட்டலைக் கையால் தணித்து, பாட்டுப் பாட்டாக வெட்டுவார்கள். சிடிக்கான 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் 588 சாம்பிளுக்கு, அதாவது ஒலித் துணுக்குக்கு, ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் எல்லையில் வெட்டாவிட்டால், சிடியில் எழுதும்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே டிக் என்று கேட்கும். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் போகிற இடத்தில் எங்கே வெட்டுவது என்பதில் இன்றுவரை யாருக்கும் யாரோடும் ஒத்துப்போனதில்லை.

பிறகு ஃப்ளாக் என்ற சுருக்கிய ஃபைலாக ஆக்குவார்கள். அளவு ஏறக்குறையப் பாதியாகும், ஒலியில் ஒரு துளி குறையாது. எம்பி3 ஆக்கிக் கொடுப்பது இங்கே பெருங்குற்றம். எம்பி3-ஐத் திரும்ப ஃப்ளாக் ஆக்கி ஏமாற்றினாலும் ஸ்பெக்ட்ரம் படத்தில் மாட்டிக்கொள்வார்கள். 128 கேபிபிஎஸ் சரக்கு 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தது போல் நின்றிருக்கும். கூடவே, ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் செக்சம் ஃபைலும் போகும். எம்டி5 என்பது முழு ஃபைலுக்குமான கணக்கு. பாட்டின் பெயரைத் திருத்தினால்கூட மாறிவிடும். ஃப்ளாக் உள்ளே ஒலிக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது, அது மாறியிருந்தால் யாரோ ஒலியில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக ஓர் எழுத்து ஃபைல்: குழு, தேதி, ஊர், எந்த இடத்தில் நின்றது, எந்த மைக், என்ன கோணம், எந்த ரெக்கார்டர், அதற்குப் பின் என்னென்ன செய்தது. இது இல்லாத பதிவை யாரும் மதிப்பதில்லை.

இந்தக் கெடுபிடியெல்லாம் கேசட் காலத்துப் பாடம். அப்போது காலி கேசட்டும் திரும்பி வரத் தபால்தலையும் அனுப்பினால், முன்பின் தெரியாதவர் பதிந்து அனுப்புவார். ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐவர் ஆளுக்கு ஐந்து பேருக்கு என்று கிளை கிளையாகப் பரப்புவார்கள். மேக்ஸெல் எக்ஸ்எல்2 90-தான் நாணயம். இரைச்சலைக் குறைக்கும் டால்பியைப் போடாதே என்பது கட்டளை, ஏனென்றால் ஒரு டெக்கின் டால்பி இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் காப்பிக்குக் காப்பி மேல் ஸ்தாயி மங்கும். நாலாவது காப்பியில் சுருதியே கொஞ்சம் நகர்ந்திருக்கும். உங்களுக்குத் தெரியாததா?

இணையம் வந்ததும் 1998-ல் ஈட்ரீ என்ற கூட்டம், ஒலி குறையாத ஷார்ட்டன் ஃபைல்களாகப் பரிமாறத் தொடங்கியது. 2002-லிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இடம் கொடுத்தது. அனுமதி கொடுத்த குழுக்களின் பதிவுகள் மட்டும் அங்கே இருக்கும். 2005 நவம்பரில் டெட் தரப்பு பதிவிறக்கத்தை நிறுத்தியதும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சில நாளில் சமரசம் ஆயிற்று: ரசிகர் மைக்கில் எடுத்ததை இறக்கிக்கொள்ளலாம், மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவைக் கேட்க மட்டும் செய்யலாம். இன்றும் அப்படித்தான்.

சவுண்ட்போர்டுதான் உசத்தி என்று நினைக்காதீர்கள். சின்ன ஹாலில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் சத்தம் நேராகவே கூட்டத்துக்குக் கேட்டுவிடும். மிக்ஸர்காரர் அதை ஸ்பீக்கரில் ஏற்றவே மாட்டார். போர்டு ஒயரில் எடுத்தால் குரல் மலைபோலவும் கிட்டார் எறும்புபோலவும் இருக்கும். அதனால் போர்டு பதிவையும் மைக் பதிவையும் கலந்து மேட்ரிக்ஸ் செய்வார்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 2.9 மில்லிசெகண்ட் ஆகிறது. மைக் 30 மீட்டரில் இருந்தால் போர்டு பதிவை 87 மில்லிசெகண்ட் தள்ளி வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு ரெக்கார்டர் என்றால் கடிகாரமும் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட மூன்று மணி நேர முடிவில் ஐந்தில் ஒரு நொடி விலகிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு டிரம் அடியைப் பொருத்தி, நடுவில் இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

கேட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் டெட் வாசித்தது. பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் எடுத்த டேப் அது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். அதே ராத்திரி கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுகளும் ஆர்க்கைவில் உண்டு. ஒரே பாட்டை இரண்டிலும் கேளுங்கள், உங்கள் பழைய ஹெட்ஃபோனில். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். முதலில் அந்த எழுத்து ஃபைலைத் திறந்து படித்துவிடுங்கள்.

டெக்கை விற்றுவிடாதீர்கள். இங்கே பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட் திருகைத் திருப்பி, டேப்பை ஹெட் தொடும் கோணமான அஜிமத்தைச் சரிபார்க்கிறார்கள். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து, மேல் ஸ்தாயி எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துவார்கள். அந்தக் காது உள்ளவர்கள் இங்கேயும் குறைவு. உங்கள் பரணில் இருப்பவற்றை அடுத்த லீவில் வரும்போது உட்கார்ந்து மாற்றிவிடலாம். அதுவரை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஒருதரம் ஓடவிட்டுத் திரும்பச் சுற்றி வையுங்கள், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

அத்தைக்கும் பாட்டிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்