ஒருவர் உளறுகிறார், ஒருவர் அறிவுறுத்துகிறார்: தமிழ் நாளேடுகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டு அத்தைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயாவுக்கும் தெரியாது. விடியற்காலை ஆள் எண்ணும் பிரட்டுக்குப் போய், மரத்துப் பட்டையை வெட்டி, பால் எடுத்து, நிறுவை முடிந்து வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு வாசற்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டிலிருந்து ஒரு நாள் பழையதாகி வரும் தாளை நான் தலைப்பிலிருந்து தலையங்கம் வரை உரக்க வாசிப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. ‘பேப்பரில் போட்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் அந்த லயத்தில் அதற்கு மேல் வழக்குக் கிடையாது. அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவள் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். நாளேட்டைப் பொருட்படுத்தாதவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

என் குறை இதுதான். பெண்களைப் பற்றி, திருமணத்தைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி அரசியல்வாதிகள் பேசுவதை நீங்கள் இரண்டு தராசுகளில் நிறுக்கிறீர்கள். மற்றக் கட்சிக்காரர், மற்றச் சமூகத்தவர் பேசினால் ஒரு தராசு. நம்மவர் பேசினால் இன்னொரு தராசு.

முதல் தராசு சரியாகத்தான் வேலை செய்கிறது. 2017 ஏப்ரலில், சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய சட்ட மசோதாவை நாடாளுமன்றம் விவாதித்தபோது, அன்றைய ஆளும் கூட்டணியின் உறுப்பினர் ஒருவர் ஒன்பது வயதுச் சிறுமி கூட உடலளவில் திருமணத்துக்குத் தயாராக இருக்கலாம் என்ற பொருளில் பேசினார். பாலியல் வன்முறைக்கு ஆளானவளை அதைச் செய்தவனுக்கே மணமுடிப்பது ஒரு வழியாகலாம் என்றும் சொன்னார். பிறகு தம் பேச்சு திரித்துக் கூறப்பட்டது என்றார். நம் நாளேடுகள் விடவில்லை. 2020 மார்ச்சில், கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கணவரை நச்சரிக்காமல் டோராமோன் என்ற கேலிச்சித்திரப் பூனையின் குரலில் பேசும்படி மனைவியருக்கு மகளிர் அமைச்சு அறிவுரை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, அமைச்சு மன்னிப்புக் கேட்டது. 2022 பிப்ரவரியில் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியைச் சேர்ந்த மகளிர் துணையமைச்சர் ஒரு காணொளியில், சொல் கேளாத மனைவியை முதலில் பேசித் திருத்த வேண்டும், பிறகு மூன்று நாள் தனியே படுக்க வேண்டும், அதற்கும் வழிக்கு வராவிட்டால் மெல்லத் தட்டிக் கண்டிப்பைக் காட்டலாம் என்றார். அப்போதும் நீங்கள் எழுதினீர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இலேயே வந்துவிட்ட நாட்டில், அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய அமைச்சிலிருந்தே இப்படி ஒரு குரலா என்று கேட்டது நியாயமான கேள்வி. அன்று நாளேட்டை மடித்து வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி இரண்டாவது தராசு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். நம் சமூகத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஒருவர் பேச வந்தார். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெண் பிள்ளைகள் அதிகம் படிப்பதால்தான் மணமுறிவுகள் பெருகுகின்றன என்றார். வேலைக்கென்று கோலாலம்பூருக்குத் தனியாக அனுப்பும் பெற்றோர் பின்னால் அழக்கூடாது என்றார். கணவன் ஓர் அடி அடித்தால் உடனே போலீசுக்குப் போகும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்ததா என்று கேட்டார். கைதட்டினார்கள். எனக்கு அருகில் என் பழைய மாணவி ஒருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவுமில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை. அவள் நிலை எனக்குத் தெரியும்.

மறுநாள் நாளேடு வந்தது. கால் பக்கத்தில் மாலையோடு அவர் படம். ‘குடும்பப் பிணைப்பைக் காக்கும்படி அறிவுறுத்தல்’ என்று தலைப்பு. போலீஸ் பற்றிய வாக்கியம் செய்தியில் இல்லை. படிப்பு பற்றிய வாக்கியம், ‘பெண் கல்வியுடன் பண்பாடும் இணைய வேண்டும் என்றார்’ என்று உருமாறி இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். பிறகு அந்த நிருபரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். நல்ல பையன், என்னிடம் மரியாதையாகவே பேசினான். ‘டீச்சர், அவர் நம்ம ஆள். அப்படியே போட்டால் மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்’ என்றான்.

துணையமைச்சர் மெல்லத் தட்டலாம் என்றதற்கும், இவர் ஓர் அடிக்குப் போலீசுக்குப் போகலாமா என்றதற்கும் எத்தனை விரற்கடை தூரம் இருக்கிறது?

தமிழ் கற்பித்தவள் என்பதால் வினைச்சொற்கள் என் கண்ணில் முதலில் படும். அன்று தொடங்கி நாளேடுகளிலிருந்து செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன். இடப்பக்கம் மற்றவர் பேச்சு, வலப்பக்கம் நம்மவர் பேச்சு. இடப்பக்கத்தில் உளறினார், பிதற்றினார், சர்ச்சையைக் கிளப்பினார், வாய்விட்டு மாட்டிக்கொண்டார். வலப்பக்கத்தில் நினைவுறுத்தினார், அறிவுறுத்தினார், ஆதங்கப்பட்டார், உரிமையோடு கண்டித்தார். ‘ஆதங்கம்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை அநியாயத்தைப் போர்த்தி வைக்கலாம் என்பதை அந்த நோட்டில்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். மற்றவர் பேசினால் அது அவருடைய கட்சியின் புத்தி, சில நேரம் அவருடைய மதத்தின் புத்தி என்றே எழுதப்படுகிறது. நம்மவர் பேசியது எப்படியாவது வெளியே தெரிந்துவிட்டால் அது ‘அவருடைய தனிப்பட்ட கருத்து’ ஆகிவிடுகிறது. இந்தச் சலுகையைக் கொடுத்தால் இரு பக்கத்துக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்கிறேன். கங்காணியின் மைத்துனர் வாளிக்கு முள் ஒரு விதமாக நிற்கும், அம்மாவின் வாளிக்கு இன்னொரு விதமாக நிற்கும். கேட்டால் தண்ணீர் கலந்துவிட்டாய் என்பார்கள். அம்மா எடை போடும்போது வாளியைப் பார்க்க மாட்டார், கிராணியின் கையைத்தான் பார்ப்பார். நாளேடு வாசிக்கும்போது நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை.

2018ஐ நினைவுகூர்ந்து பாருங்கள். கிளந்தான், குவா மூசாங்கைச் சேர்ந்த 41 வயது ஆள் 11 வயதுச் சிறுமியை மணந்துகொண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. முஸ்லிம்களின் திருமண வயதை எல்லா மாநிலங்களும் பதினெட்டாக உயர்த்த வேண்டும் என்று தலையங்கங்கள் வந்தன. நானும் அதையே விரும்பினேன், இன்றும் விரும்புகிறேன். ஆனால் முஸ்லிமல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமும் ஒரு கதவைத் திறந்துதான் வைத்தது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது என்று சொல்லிவிட்டு, பதினாறு நிறைந்திருந்தால் மாநில ஆட்சித் தலைவரான மந்திரி பெசாரின் அல்லது முதலமைச்சரின் சிறப்பு அனுமதியோடு மணமுடிக்கலாம் என்றது. அந்தக் கதவைப் பற்றி அந்த நாள்களில் நான் வாங்கிய நாளேடுகளில் ஒரு பத்தி கூடப் பார்க்கவில்லை. நம் சமூகத் தலைவர்களில் ஒருவரிடமாவது ‘உங்கள் நிலைப்பாடு என்ன?’ என்று கேட்ட செய்தியையும் பார்க்கவில்லை.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. இடைநிலைப் பள்ளி முடிக்கும் முன் பதினாறு வயதில் மாலை போட்டார்கள். மண்டபத்தில் நம் தலைவர் ஒருவர் அட்சதை தூவினார். மறுநாள் அந்தப் படம் வந்தது. மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்று அடியில் வாழ்த்து. அவள் வயது என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நானும் அன்று கேட்கவில்லை, ஆயிரத்தொரு வெள்ளி மொய் எழுதினார் என்று தலைவரைப் புகழ்ந்த கூட்டத்தில் ஒருத்தியாக நின்றேன். அந்தக் குற்றவுணர்வும் இந்த மடலில் இருக்கிறது. குவா மூசாங் செய்தியை வாசித்த ஒவ்வொரு நாளும் அவள் முகம்தான் முன்னால் வந்தது.

உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாதவை என்று எண்ண வேண்டாம். 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி உரிமம் உள்துறை அமைச்சரின் கையில் இருக்கிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2012இல்தான் நீங்கியது. 1987 அக்டோபரில் ஸ்டார், சின் சியூ, வாத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமம் ஒரே வீச்சில் நிறுத்திவைக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை நான். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோனதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கடையில் அந்த அடுக்கு காலியானதைப் பார்த்தவள். தீபாவளி, பொங்கல் மலர்களைத் தூக்கி நிறுத்துவது அரசியல்வாதிகளின் முழுப்பக்க வாழ்த்துகள்தான். சிற்றூர் நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கிடைக்கும் காசு பெட்ரோலுக்குக் காணாது, அவர் தலைவரின் வண்டியிலேயே கூட்டத்துக்குப் போய் வருகிறார். அந்த வண்டியிலிருந்து இறங்கி அந்தத் தலைவரைக் கேள்வி கேட்பது எளிதல்ல. ஆனால் இந்தச் சங்கடங்களின் விலையை நான்காவது வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் கொடுக்கிறாள். அவள் அடிவாங்கிய மறுநாள் காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது, போகாதே என்று மேடையில் சொன்னவர் நாளேட்டில் மாலையோடு நிற்கிறார்.

‘நம்மவரை நாமே காட்டிக்கொடுக்கலாமா’ என்று என்னிடமும் கேட்டார்கள். சிங்கப்பூர்த் தமிழ் முரசில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி சாதியை எதிர்த்து எழுதியபோது யாரைப் பற்றி எழுதினார்? சீர்திருத்தத் திருமணத்தை வற்புறுத்தியபோது யாருடைய வீட்டுக்குச் சொன்னார்? தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்த குரல்கள் நம் லயங்களை நோக்கி எழுந்தவைதானே? அப்போது நாம் இன்னும் ஏழைகள், இன்னும் சிறுபான்மை, குடியுரிமை கூட உறுதியில்லாதவர்கள். அந்த நிலையிலும் நம் நாளேடுகள் நம் அழுக்கை நம்மிடம் சொல்லத் தயங்கவில்லை.

2025இல் நாட்டில் ஊடக மன்றத்துக்கான சட்டம் நிறைவேறி மன்றமும் அமைந்துவிட்டது. முறையீடு செய்ய ஓர் இடம் வந்திருக்கிறது. நான் முதலில் உங்களிடமே வருகிறேன், வீட்டு வழக்கை வீட்டில் பேசுவதைப் போல.

நான் கேட்பது பெரிதல்ல. மேடையில் சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடி போடுங்கள். திருமண வயதைப் பற்றிப் பாஸ் கட்சிக்காரரிடம் கேட்கும் கேள்வியை அதே வாரம் நம் கட்சிக்காரர்களிடமும் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்றே எழுதுங்கள். மனைவியை அவள் விருப்பமின்றிக் கட்டாயப்படுத்துவதைக் குற்றவியல் சட்டத்தின் 375ஆவது பிரிவு பாலியல் வன்முறையாகக் கொள்ளாமல் விலக்கு வைத்திருக்கிறது. இதில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று அடுத்த தேர்தலுக்குள் எங்களுக்குத் தெரிய வேண்டும். அதைக் கேட்க எங்களுக்கு வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது. சிற்றூர் நிருபரின் கூலியை உயர்த்துங்கள், பெட்ரோல் காசைத் தனியாகக் கொடுங்கள். இதைக் கடைசியில் சொன்னேன், ஆனால் மற்றவை எல்லாம் இதைப் பொறுத்தே நடக்கும்.

நோட்டின் படியை இந்த மடலோடு தபாலில் அனுப்புகிறேன். மொத்தம் 64 பக்கங்கள். வெட்டிய ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதியும் நாளேட்டின் பெயரும் எழுதியிருக்கிறேன். நான் எங்காவது தவறாகப் படித்திருந்தால் அந்தப் பக்கத்தைக் குறித்து எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.