அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்

விண்வெளி விளையாட்டை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி மூன்று வருடமாக ஆடுகிறவன். புது அப்டேட்டில் வந்த பணிகளைப் பற்றியும், அது வந்த நாளிலிருந்து சர்வர் படும் பாட்டைப் பற்றியும் நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, புகார்கள் ஏற்கெனவே உங்களிடம் குவிந்து கிடக்கின்றன. அதனால் ஒரே ஒரு இரவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடி, இரண்டு கலங்களை விண்வெளியில் ஒன்றோடொன்று இணைக்கும் அந்த இணைப்புப் பணி இருக்கிறதே, அது அருமையான பணி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினால் நம் பாதை உயர்ந்து நாம்தான் பின்தங்கிப் போவோம், கொஞ்சம் கீழே இறங்கினால்தான் எட்டிப் பிடிக்க முடியும் என்பதை எட்டாவது படிக்கும் என் அக்கா மகள் உங்கள் விளையாட்டில்தான் கற்றுக்கொண்டாள். அவள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். மூன்று ராத்திரி, வீட்டுப்பாடம் முடித்துவிட்டு, எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் என்று நோட்டில் எழுதி எழுதிப் பழகினாள். அவள் ஒரு கலம், நான் ஒரு கலம்.

போன வியாழக்கிழமை அந்தப் பணியில் முப்பத்தைந்து நிமிடம் ஓட்டி, ஐந்து கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் வரைக்கும் வந்துவிட்டோம். அப்போது இங்கே கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் ரூட்டரும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் தெருமுனையில் கேபிள்காரரின் பெட்டிக்குக் கரண்ட் இல்லையே. அவர் ஜெனரேட்டர் போட்டு லைன் திரும்ப வருவதற்கு நாலு நிமிடம் ஆனது. நான் உள்ளே வந்தால் திரையில் 'பணி கைவிடப்பட்டது' என்று நிற்கிறது. என் கலமும் போச்சு, அவள் கலமும் போச்சு, இரண்டு பேருக்கும் மதிப்பெண் குறைப்பு, அடுத்த பணிகளுக்கெல்லாம் பூட்டு.

அவள் உடனே போன் செய்தாள். "மாமா, நான் எதையும் தொடவே இல்லையே, என் பேர்ல ஏன் தப்புன்னு போட்டிருக்கு?"

நான் என்ன பதில் சொல்ல? அவளுக்கு லைன் ஒரு நொடிகூட அறவில்லை. அவள் செய்தது எல்லாமே சரி.

கேட்பது ஒன்றுதான். யாருக்காவது இணைய இணைப்பு அறுந்தால் கலங்களை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

இது விளையாட்டை எளிதாக்கச் சொல்லும் கோரிக்கை இல்லை. அசல் விண்வெளியிலும் இப்படித்தான் செய்கிறார்கள். விண்வெளியில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பதற்காக இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று அனுப்பிய இரண்டு ஸ்பேடெக்ஸ் கலங்களை நினைத்துப் பாருங்கள். இணைப்பைத் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் தள்ளி வைத்தார்கள். ஜனவரி 12 அன்று மூன்று மீட்டர் வரைக்கும் நெருங்கிப் பார்த்துவிட்டு, கலங்களைப் பத்திரமான தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். 16ஆம் தேதி 15 மீட்டரில் நிறுத்தி, அப்புறம் 3 மீட்டரில் நிறுத்தி, அதன் பிறகுதான் இணைத்தார்கள். அதையெல்லாம் யாரும் கைவிட்ட பணி என்று எழுதவில்லை. தரையோடு தொடர்பு அறுந்தால் கலம் தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி வைப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. எரிபொருளின் எடை வரைக்கும் அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கும் நீங்கள் இதை மட்டும் எப்படி விட்டீர்கள்?

கரண்ட் போகாத நாளிலும் நிம்மதி இல்லை. இங்கிருந்து உங்கள் சர்வருக்கு பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 250 மில்லிநொடி. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நெருங்கும்போது கால் நொடித் தாமதம் என்பது இரண்டரை சென்டிமீட்டர்தான், சமாளித்துவிடலாம். ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு எதிர்க்கலம் திடீர் திடீரென்று நாலு மீட்டர் தள்ளித் தோன்றுகிறதே, அதை எப்படிச் சமாளிப்பது? எழுதிக் கேட்டால் 'உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஒரே பதில். நான் ஆறு முறை எழுதினேன், ஆறு முறையும் அதே வரி. பழைய கோளாறு அப்படியே கிடக்க, புதுப் பணியும் கலத்துக்குப் புதுப் பெயின்ட்டும் மட்டும் விற்பனைக்குத் தவறாமல் வந்துவிடுகின்றன. பராமரிப்புக்காக சர்வரை நிறுத்துகிறீர்கள், அதுவும் எங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு, பிள்ளைகள் விளையாட உட்காரும் நேரத்தில். எங்களிடம் வாங்குவதும் பணம்தானே?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

எங்கள் ஊர் கடலோரம். 2011இல் தானே புயல், 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த ஊர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், காற்று வலுத்தால் கரண்டை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும், அறுந்து கிடக்கும் கம்பியை மிதித்து யாரும் சாகக்கூடாது. அதனால் இங்கே லைன் போவதை என்னாலும் உங்களாலும் தடுக்க முடியாது. போன பிறகு என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

ஐந்து நிமிடம் போதும். அது முடியாது என்றால், இணைய இணைப்பு அறாமல் ஆடியவரின் மதிப்பெண்ணையாவது குறைக்காதீர்கள். தயவுசெய்து இதை அடுத்த பணிகளுக்கு முன்னால் செய்து கொடுங்கள். அரையாண்டு விடுமுறைக்கு அவள் கடலூர் வருகிறாள், நோட்டையும் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு விமானி