ஆட்சியை இறக்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்குப்பதிவு குறைந்துவருவது பற்றித் தங்கள் இதழில் வெளியான வாசகர் கடிதங்களைப் படித்தேன். "நிற்பவர்களில் ஒருவர்கூடத் தேறமாட்டார், பிறகு எதற்கு வரிசையில் நிற்பது?" என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நல்லவரைத் தேடிப் பிடித்துப் பதவியில் அமர்த்துவதற்கு மட்டுமே வாக்கு என்று நினைத்தால்தான் அந்தக் கேள்வி எழும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று அதற்கு இருக்கிறது: பதவியில் இருப்பவரை ரத்தம் சிந்தாமல் வீட்டுக்கு அனுப்பலாம். சர்வாதிகாரி அஞ்சுவது இதற்குத்தான்.

1975 ஜூன் 25 அன்று இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், கைதானவர்கள், தங்களை அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு வந்தாலும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மறுத்துத் தீர்ப்பெழுதினார். நாடாளுமன்றமோ, முடிந்துபோக வேண்டிய தன் ஆயுளைத் தானே இருமுறை நீட்டித்துக்கொண்டது. மக்களவையின் பதவிக்காலத்தையே 5 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக்கியது அரசியலமைப்புச் சட்டத்தின் 42ஆவது திருத்தம். நம்மைக் காக்கும் என்று நாம் நம்பியிருந்தவை எல்லாம் இப்படி ஒவ்வொன்றாகச் சரிந்தன. பிறகு 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. பிரதமர் இந்திரா காந்தி தம் சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலகியது. அடுத்து வந்த 44ஆவது திருத்தம் பதவிக்காலத்தை மீண்டும் 5 ஆண்டாக்கியது. நெருக்கடி நிலையை அறிவிப்பதையும் கடினமாக்கியது. இந்திரா காந்தி ஏன் தேர்தலை அறிவித்தார் என்பதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மக்கள் அன்று வேட்பாளர்களின் யோக்கியதையை எடைபோட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

சிலி நாட்டில் நடந்ததை இளம் வாக்காளர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே 1973 செப்டம்பர் 11 அன்று ஜெனரல் பினோசெ ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தார். 1980இல் தம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடத்தினார், வாக்காளர் பட்டியலே இல்லாமல்! யார் போட்டார், எத்தனை முறை போட்டார் என்று எவரும் சரிபார்க்க முடியாது. அந்தச் சட்டத்திலேயே, பினோசெ மேலும் 8 ஆண்டுகள் தொடரலாமா என்பதற்கு 1988இல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த இடம் இருந்தது. அதில் பங்கெடுத்தால் சர்வாதிகாரிக்கு நாமே அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்று எதிர்த்தரப்பில் பலர் ஒதுங்க நினைத்தார்கள். கொள்கைப் பிடிப்புள்ளவர்கள்தான் அப்படிப் பேசினார்கள், அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் ஒதுங்கியிருந்தால் பினோசெவுக்குத்தான் வசதி.

நல்லவேளை, பெரும்பாலானோர் களத்தில் இறங்கினார்கள். முறையான வாக்காளர் பட்டியல் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். பெயரைப் பதிந்தால் ஆபத்து வருமோ என்று அஞ்சியவர்களிடம் போய்ப் பேசினார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். 1988 அக்டோபர் 5 அன்று அவர்களில் ஏறத்தாழ 97 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அன்றிரவு அரசு முழு முடிவை வெளியிடாமல் இழுத்தடித்தது. ஆனால் எதிர்த்தரப்பின் ஆட்கள் வாக்குச்சாவடிகளிலேயே இருந்து எண்ணிக்கையைத் தனியே திரட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் ராணுவ ஆட்சிக்குழுவில் ஒருவரான விமானப்படைத் தளபதி மத்தேயே நிருபர்களிடம் "வேண்டாம்" தரப்பு வென்றுவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 56 சதவீதம் பேர் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்கள். 1990 மார்ச்சில் பினோசெ அதிபர் பதவியிலிருந்து இறங்கினார்.

ஹிட்லரும் தேர்தலில் வென்று வந்தவர்தானே என்ற கேள்வியை ஒரு வாசகர் எழுப்பியிருந்தார். நாஜிக் கட்சி தேர்தல் மூலம்தான் பெரிய கட்சியானது, உண்மை. ஆனால் 1932 நவம்பர் தேர்தலில் அதற்குக் கிடைத்தது 33 சதவீதம். ஹிட்லரைப் பிரதமராக்கியது, 1933 ஜனவரி 30 அன்று குடியரசுத் தலைவர் இட்ட நியமனம். அவர் பதவியேற்ற பிறகு, எதிராளிகளைச் சிறையில் தள்ளியும் மிரட்டியும் நடத்திய மார்ச் தேர்தலில்கூட 44 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த மாதமே நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றினார். ஜூலையில் மற்றக் கட்சிகளுக்குத் தடை வந்தது. நவம்பரில் நடந்த "தேர்தலில்" நாஜிகளின் வேட்பாளர் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாக்கால் ஏறி வருபவர் திரும்பி இறங்கும் வழியை அடைப்பதுதான் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தோற்றால் போய்விடுவார் என்ற நம்பிக்கையை இந்த வேட்பாளர் தருகிறாரா?

அந்த வழியை மக்கள் கையாலேயே அடைக்க வைத்ததும் உண்டு. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பில், பொதுத்தேர்தல் இல்லாமலேயே நாடாளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டுகள் நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள். விளக்குச் சின்னம் ஆம், பானைச் சின்னம் இல்லை. விளக்கு வென்றது. 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தை மாற்ற 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. 1983இன் படுகொலைகளும் அதன் பின் மூண்ட போரும் அந்த இடைவெளியில் வந்தவை. நேரத்துக்குத் தேர்தல் நடந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். மக்கள் தம் தீர்ப்பைச் சொல்ல அந்தக் கொடிய ஆண்டுகளில் ஒரு பொதுத்தேர்தல்கூட இல்லை என்பதை மறக்கவும் முடியவில்லை.

வாக்கு எப்போதும் வென்றுவிடும் என்றும் நான் வாதாடவில்லை. மியான்மரில் 1990இல் ஆங் சான் சூகியின் கட்சி பெருவெற்றி பெற்றும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. இராக்கில் 2002இல் சதாம் உசேன் நூற்றுக்கு நூறு வாக்கு வாங்கியதாக அறிவித்துக்கொண்டார். ஆனால் இவ்வளவு பெரிய பொய்யையாவது சொல்லி மக்களின் ஒப்புதல் இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கும் இருந்திருக்கிறது.

காம்பியாவைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடு. அங்கே வேட்பாளருக்கு ஒன்றாக உலோகப் பீப்பாய்கள் வைத்திருப்பார்கள். வாக்காளர் ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தமக்கு வேண்டியவரின் பீப்பாய்க்குள் போடுவார். உள்ளே ஒரு மணி அடிக்கும். இரண்டாவது குண்டு போட்டால் மணியே காட்டிக்கொடுத்துவிடும். 1994இல் ராணுவப் புரட்சியால் வந்து, இறைவன் விரும்பினால் நூறு கோடி ஆண்டுகள் ஆள்வேன் என்று சொன்ன யாஹ்யா ஜாமே 2016 டிசம்பர் 1 அன்று இந்தக் கோலிக்குண்டுகளிடம் தோற்றார். வாக்குச்சாவடியிலேயே, முகவர்கள் கண்ணெதிரே எண்ணியதால் இடையில் எண்ணிக்கையை மாற்ற முடியவில்லை. வித்தியாசம் சுமார் 19,000 வாக்குகள்தான். முதலில் தோல்வியை ஏற்றவர் பிறகு மறுத்தார். அண்டை நாடுகளின் படைகள் எல்லை தாண்டி வந்த பிறகு, 2017 ஜனவரியில் நாட்டைவிட்டுப் போனார். ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் அந்த 19,000ஐ நினைத்துப் பார்க்கட்டும்.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் "தவறாமல் வாக்களிப்பீர்" என்ற வாசகத்தோடு இதழ்கள் நின்றுவிடுகின்றன. அது போதாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எப்போது, எப்படிப் பார்ப்பது, காரணமில்லாமல் நீக்கியிருந்தால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள் முறையிடுவது என்பதை அறிவிப்பு வருவதற்கு முன்பே வெளியிடுங்கள். சாவடி முகவராகவும் எண்ணிக்கை முகவராகவும் இருந்தவர்களை எழுதச் சொல்லுங்கள். சாவடி முடிவில் கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பது வாக்காளர்களில் பலருக்குத் தெரியாது. தேர்தல் தேதி தள்ளிப்போனால், பதவிக்காலத்தைத் தொடும் திருத்தம் எதுவும் வந்தால், அந்தச் செய்தியை உள்பக்கத்தில் ஒதுக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்