சுபேதார் ஒருவரின் படைவரலாற்றுத் தொகுப்பை ஆய்வு நூலகத்தில் சேர்க்க நன்கொடை வேண்டுகோள்

பெங்களூர் வாழ் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம்.

இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, மர்ஃபி டவுனில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த படைவரலாற்றுத் தொகுப்பை, அவருடைய குடும்பத்தார் இந்நகரின் ஆய்வு நூலகம் ஒன்றுக்கு விலையின்றி வழங்க முன்வந்துள்ளனர். நூலகத்தாரும் ஏற்றுக்கொள்ள இசைந்துள்ளனர். ஆனால் பழுதுபட்ட தாள்களைச் செப்பனிட்டு, பட்டியலிட்டு, உரிய பெட்டிகளில் அடுக்கித் தந்தால்தான் பெற்றுக்கொள்ள முடியும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அந்தச் செலவைத் தமிழ் மக்களிடமே திரட்டுவது என்று அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் ஒரு குழுவாகக் கூடி முடிவு செய்துள்ளோம்.

1780-இல் பயனியர் எனப்பட்ட, பாதை அமைக்கும் வீரர்களின் இரண்டு கம்பெனிகளாக (சிறு படை அணிகளாக)த் தொடங்கிய இப்படைப்பிரிவின் தலைமையகம் இன்று அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. கண்டோன்மெண்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு இப்படையோடு ஏதேனும் ஒரு தொடர்பு உண்டு. பாலம் கட்டுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை சாப்பர்களின் வேலை. மற்றப் படைகள் முன்னேறுவதற்கு முன்பே அவர்கள் அங்கே போயாக வேண்டும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தம்முடன் இருந்தவர்களைக் காத்து உயிர்நீத்த சுபேதார் சுப்ரமணியன் இந்தப் படையைச் சேர்ந்தவர்தான். அவருக்குப் பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. விருது பெற்றவர்களின் பெயர்களாவது நூல்களில் நிற்கின்றன. அவர்களோடு நின்று மண் வெட்டியவர்களைப் பற்றி அறிய இத்தகைய வீட்டுத் தொகுப்புகளைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் தாள்கள்: இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கடிதங்கள், சம்பளப் புத்தகங்கள், பணியிலிருந்து விடுவித்த சான்றுகள், பயிற்சிக் கையேடுகள், படைப்பிரிவு ஆண்டுமலர்கள், சைனிக் சமாச்சார் என்னும் ராணுவ இதழ்கள், புகைப்படங்கள். பக்கத்து வீடுகளில் பரண் ஒழிக்கும்போது தூக்கிப் போட இருந்தவற்றையும் பெரியவர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். எது யாருடைய வீட்டிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று ஒவ்வோர் உறையின் மீதும் நீல மையில் குறித்தும் இருக்கிறார். ஆய்வாளர்கள் பெரிதும் மதிப்பது இந்தக் குறிப்புகளைத்தான்.

ஒரு புகைப்படத்தைச் சொல்ல வேண்டும். ஆற்றின் குறுக்கே பாதி முடிந்த இரும்புப் பாலம், அதன் முன்னே அரைக்கால் சட்டையோடு இளைஞர்கள். பின்புறத்தில் பென்சிலால் தமிழில் பெயர்களும் ஊர்களும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. மூன்று பெயர்களுக்கு எதிரே சிறு சிலுவைக்குறி இருக்கிறது. அந்த மூவரில் ஒருவர் எழுதிய கடிதம், தணிக்கை முத்திரையோடும் கறுப்பு மை பூசி மறைக்கப்பட்ட இரண்டு வரிகளோடும், அதே பெட்டியில் வேறோர் உறையில் இருக்கிறது. இன்னோர் உறையில் அவருடைய பதக்கம்; அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மனிதர் தெரிகிறார். பதக்கம் ஒரு வியாபாரியிடமும், கடிதம் பழைய பேப்பர் கடையிலும், புகைப்படம் யாரோ ஒருவரின் சுவரிலும் போய்ச் சேர்ந்தால் அவற்றை மறுபடி இணைக்க எவராலும் முடியாது. பதக்கங்களை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தபோதும் குடும்பத்தார் தர மறுத்தது இதனால்தான். அவர்களுடைய அந்த உறுதிக்கு நாம் துணை நிற்க வேண்டும் என்று குழு மனமாரக் கருதுகிறது.

போர்க்காலத் தாள் தரம் குறைந்தது. அதிலுள்ள அமிலத்தால் பழுப்பேறி, மடிப்புகளில் ஒடிகிறது. துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கிழிசல்களை மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒட்ட வேண்டும். செல்லோ டேப்போ லேமினேஷனோ நாளடைவில் தாளையே கெடுத்துவிடும். இரும்பு டிரங்குப் பெட்டிகளில் இருப்பவற்றை, மழைக்காலத்து ஈரம் ஏறுவதற்குள், அமிலமற்ற அட்டைப் பெட்டிகளுக்கு மாற்றியாக வேண்டும்.

பெட்டிகளுக்கும் உறைகளுக்கும் ரூ.1,40,000, செப்பனிடுவதற்கு ரூ.2,10,000, ஸ்கேன் எடுப்பதற்கு ரூ.1,60,000, தமிழும் ஆங்கிலமும் அறிந்த பட்டியலாளர் ஒருவரின் எட்டு மாத ஊதியமாக ரூ.2,00,000 என, மொத்தம் ரூ.7,10,000 தேவைப்படுகிறது. குழு உறுப்பினர்கள் தமக்குள் ரூ.1,85,000 சேர்த்துள்ளனர். எஞ்சிய ரூ.5,25,000-க்காகவே இந்த வேண்டுகோள்.

தொகுப்பைப் பிரிக்கவோ விற்கவோ கூடாது, உரிய அனுமதியோடு வரும் எவரும் வாசிப்பறையில் கட்டணமின்றிப் பார்க்கலாம், ஸ்கேன் படிகளில் ஒன்று குடும்பத்தாரிடம் இருக்க வேண்டும் என்ற மூன்றும் கொடைப் பத்திரத்தில் எழுதப்படும். பத்திரம் கையெழுத்தாகும் வரை நூலகத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்று நூலகத்தார் கேட்டுக்கொண்டதை மதித்து இங்கே குறிப்பிடவில்லை. நன்கொடை அளிப்போர் குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொகுப்பில் ஆயுதமோ வெடிபொருளோ எதுவும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீது புத்தகத்தோடு வரும் உறுப்பினர்களிடமே வங்கிக் கணக்கு விவரமும் இருக்கும். ரசீதின்றி யாரிடமும் பணம் தர வேண்டாம். எங்கள் குழுவுக்கு 80ஜி சான்று இல்லாததால் வருமான வரிச் சலுகை கிடைக்காது. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணம் மிஞ்சினால் அது நூலகத்தின் பராமரிப்பு நிதிக்கே போகும்.

பணம் தர இயலாதவர்கள் வேறு வகையில் உதவலாம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்களும், படைவழக்குச் சொற்களை அறிந்த முன்னாள் வீரர்களும் பட்டியலிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உடனிருந்தால் பேருதவியாக இருக்கும். புகைப்படத்தில் உள்ளவர்கள் அன்றைய வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ சாப்பர்ஸில் இருந்திருந்தால் பெயரையும் ஊரையும் எங்களிடம் சொல்லுங்கள். உறைகளில் தேடிப் பார்த்துத் தகவல் சொல்கிறோம்.

இங்ஙனம்,
தொகுப்புப் பாதுகாப்புக் குழுவினர்,
அல்சூர், பெங்களூர்.